ரயில் கேள்வி – பதில்: வளைவு, வெயில், பல்தண்டவாளம்

கொங்கு நாட்டு வாசகர்கள் ரயிலைப் பற்றிக் கேட்டு எழுதியவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். நீளமாகச் சொல்ல வேண்டியதை நீளமாகவே சொல்லியிருக்கிறோம்.

திருப்பூர் வாசகர்: கோயமுத்தூர் – சென்னை வந்தே பாரத் 180 கி.மீ. வேகத்துல ஓடக்கூடிய வண்டின்னு சொல்றாங்க. ஆனா போய்ச் சேர ஆறு மணி நேரத்துக்குப் பக்கமா ஆகுதுங்களே. கோளாறு வண்டியிலயா, பாதையிலயா?

வண்டியில் ஒரு குறையும் இல்லை. 2023 ஏப்ரல் 8ஆம் தேதி ஓடத் தொடங்கிய அந்த வண்டிக்கு தூரம் சுமார் 495 கி.மீ. காலை 6 மணிக்குக் கிளம்பி 11.50க்குச் சேரும் கணக்கில் சராசரி வேகம் மணிக்கு 85 கி.மீ.தான் வருகிறது. தடுப்பது பாதை. அதிலும் முதலில் வளைவு.

வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயாமல் இருக்க, வெளித் தண்டவாளத்தை உள் தண்டவாளத்தைவிடச் சற்று உயர்த்திப் போடுவார்கள். ரயில்வேக்காரர்கள் இதை ‘கேன்ட்’ என்பார்கள். அகலப்பாதையில் இதை 165 மி.மீ.க்கு மேல் உயர்த்தக் கூடாது. 875 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். 100 மி.மீ. கேன்ட் கொடுத்து, அதற்கு மேல் 75 மி.மீ. பற்றாக்குறையை (அந்த வேகத்துக்குத் தேவையான உயரத்தில் குறைகிற அளவை) பொறுத்துக்கொண்டால், அதில் போகக்கூடிய வேகம் மணிக்கு 105 கி.மீ. அதே வளைவில் 130இல் போக இரண்டும் சேர்ந்து 265 மி.மீ. வேண்டும். கேன்ட்டை உச்சமான 165க்கு ஏற்றி, பற்றாக்குறையை 100 வரை அனுமதித்தால்தான் கணக்கு சரியாகும்.

ஏற்றிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அதே பாதையில் 60 கி.மீ. வேகத்தில் சரக்கு வண்டியும் போகிறது. அந்த வேகத்துக்கு அந்த வளைவில் 57 மி.மீ. கேன்ட் போதும். 165 இருந்தால் 108 மி.மீ. மிகுதி. மிகுதிக்கு வரம்பு 75. மீறினால் பாரமெல்லாம் உள் தண்டவாளத்தின் மேல் இறங்கி, அதன் தலை நசுங்கித் தேயும். வேகமான வண்டியும் மெதுவான வண்டியும் ஒரே பாதையில் ஓடும்வரை இந்த இழுபறி தீராது. 160 கி.மீ. வேண்டுமானால் வளைவையே சுமார் 2,000 மீட்டர் ஆரத்துக்கு நிமிர்த்திப் போட வேண்டும். அதற்கு நிலம் வேண்டும். ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டி நிலம் எடுப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 50 கி.மீ. தூரத்துக்கு வேகத்தை 130இலிருந்து 160 ஆக்கினால் மிச்சமாவது நாலே கால் நிமிஷம். பழைய பாலம், கெட்டுப்போன பாயின்ட் (வண்டி தடம் மாறும் இடம்) என்று ஏதோ ஒரு காரணத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 30 கி.மீ. வேகக் கட்டுப்பாடு இருந்தால், 110இல் வந்த வண்டி அங்கே மட்டும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் இழக்கிறது. வண்டியின் வால் கடக்கும்வரை மறுபடி வேகம் எடுக்கவும் முடியாது. ஆக, அப்படிப்பட்ட இரண்டு இடங்களைச் சரிசெய்வதும், 50 கி.மீ. பாதையை 160க்கு உயர்த்துவதும் கிட்டத்தட்ட ஒரே பலன். உச்ச வேகத்தைப் பற்றி வரும் செய்திகளைவிட, எங்கெங்கே வேகக் கட்டுப்பாடு நீங்கியது என்ற செய்தியே பயணிக்கு முக்கியம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சூலூர் வாசகர்: கோவை இவ்வளவு பெரிய ஊர். ஆனா சில வண்டிக கோவைக்கு வராம இருகூர்லயே திரும்பி போத்தனூர் வழியாப் போயிடுது. ஏனுங்க இப்படி?

முதலில் பாதை போட்டவர்கள் கோவையைக் குறிவைக்கவே இல்லை. 1856 ஜூலை 1இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் வண்டியை ஓட்டிய மெட்ராஸ் ரயில்வேயின் குறி, மேற்குக் கடற்கரையில் இருந்த பேப்பூர். சேலம், சங்ககிரி, ஈரோடு வழியாக வந்து, பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து கடலை எட்ட வேண்டும். 1862இல் அந்தப் பாதை போத்தனூர் வழியாக நிறைவேறியது. கணவாய்க்கு நேர்வழி அதுதான். கோவை அதற்கு வடக்கே சுமார் 6 கி.மீ. தள்ளிக் கிடந்தது. 1873இல் நீலகிரிக்குப் போகிறவர்களுக்காக மேட்டுப்பாளையம் வரை கிளை போட்டபோது, கோவை அந்தக் கிளையில் ஒரு நிலையமாக இருந்தது. பீளமேடு வழியாக இருகூரையும் கோவையையும் இணைக்கும் பாதை பிற்காலத்தில் வந்தது.

அதனால் இருகூரில் இன்றும் இரண்டு வழி: சிங்காநல்லூர் வழியாக நேரே போத்தனூர், இல்லையென்றால் பீளமேடு, கோவை, பிறகு போத்தனூர். இரண்டாவது சுற்று. கேரளம் போகும் வண்டிக்கு நேரம் மிச்சமாக வேண்டும் என்றால் முதல் வழியில் விட்டுவிடுகிறார்கள். டிக்கெட் எடுக்கும் முன் வண்டி கோவையில் நிற்கிறதா, போத்தனூரிலா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரவு 2 மணிக்குப் போத்தனூரில் இறங்கி ஆட்டோ தேடுவது சிரமம்.

கரூர் வாசகர்: சின்ன வயசுல ரயில்ல ‘தடக் தடக்’னு தாளம் கேட்கும். இப்ப அது காணோம். தண்டவாளத்துக்கு நடுவுல விடற இடைவெளி என்ன ஆச்சு? வெயில்ல இரும்பு நீளாதுங்களா?

நீளும். ஒரு 13 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி சூடேறினால் 6 மி.மீ. நீளும். அதற்குத்தான் முன்பு ஒவ்வொரு 13 மீட்டருக்கும் இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் பட்டையும் போல்ட்டும் வைத்து இணைத்தார்கள். அந்த இடைவெளியில் சக்கரம் இறங்கி ஏறும் சத்தமே உங்கள் தாளம். 47 விநாடியில் எத்தனை தடக் என்று எண்ணினால் அதுவே மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற வேகம். பழைய பாதைகளில் இந்தக் கணக்கு இன்றும் பிசகாது.

சக்கரம் அடித்து அடித்து தண்டவாளத்தின் முனை தாழும், போல்ட் துளையில் விரிசல் விழும், அடியில் ஜல்லி மாவாகும். பாதைப் பராமரிப்பில் பெரும்பங்கு உழைப்பு இந்த இணைப்புகளுக்கே போயிற்று. அதனால் இப்போது தொழிற்சாலையிலேயே 260 மீட்டர் நீளத்துக்குப் பற்றவைத்துக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பிறகு பாதையிலேயே 25 மி.மீ. இடைவெளியில் தெர்மிட் பற்றவைப்பு. அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் எரிந்து உருகிய இரும்பு அச்சுக்குள் இறங்கும். அச்சில் ஈரம் இருந்தாலும், முன்சூடு பற்றாமல் போனாலும் உள்ளே குமிழ் விழும். குமிழ் விழுந்த பற்று ஏதாவதொரு குளிர்ந்த விடியற்காலையில் ஒடியும். அதனால்தான் அல்ட்ராசோனிக் கருவியை உருட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு பற்றையும் சோதிக்கிறார்கள்.

சரி, நீளம் எங்கே போகிறது? நீளவே விடுவதில்லை. ஒரு மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் நீள முடியாமல் பிடித்துவைக்கப்பட்டால், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 1.9 டன் விசை அதற்குள் அடைபடும். 30 டிகிரி ஏறினால் ஒரு தண்டவாளத்தில் 57 டன், இரண்டிலும் சேர்த்து 114 டன். சித்திரை வெயிலில் கரூரில் காற்று 40 டிகிரி என்றால் தண்டவாளம் 60ஐ நெருங்கும். இந்த விசையைப் பிடித்துவைப்பவை தண்டவாளத்தை அடியில் தாங்கும் குறுக்குக் கட்டையான கான்கிரீட் சிலீப்பரும், அதைச் சுற்றியுள்ள ஜல்லியும், தண்டவாளத்தைச் சிலீப்பரோடு இறுக்கும் கிளிப்பும்.

அந்தக் கிளிப்பைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சுருட்டி வளைத்த கம்பி, எடை ஒரு கிலோகூட இருக்காது. தண்டவாளத்தின் அடிப்பாகத்தை அது அழுத்தும் விசை 850 முதல் 1,100 கிலோ. ஒரு சிலீப்பருக்கு நாலு கிளிப், கிலோமீட்டருக்கு 1,660 சிலீப்பர். ஆக கிலோமீட்டருக்கு 6,640 கிளிப். கீமேன் கையில் சுத்தியலோடு தினமும் நடப்பது இவற்றில் எது தளர்ந்தது, எது காணவில்லை என்று பார்க்கத்தான். கிரீஸ் வைக்காமல் விட்டால் துரு பிடித்துக் குழிக்குள் இறுகிவிடும். பிறகு விசையை விடுவித்துச் சமன்செய்யும் வேலைக்குக் கழற்ற நினைத்தாலும் வராது.

எந்த வெப்பநிலையில் விசை பூஜ்யமாக இருக்கும்படி கிளிப்பை மாட்டினார்களோ, அதற்கு மேல் 20 டிகிரி ஏறினால் வெயில் ரோந்து தொடங்கும். 10 டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால் ஜல்லியைக் கிளறும் வேலையே செய்யக் கூடாது. கிளறிய ஜல்லிக்குப் பிடிப்பு இல்லை. அந்த நேரத்தில் பாதை பக்கவாட்டில் பாம்பு மாதிரி நெளிந்துவிடும். ஊர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்: குறுக்கு வழி என்று பாதைமேல் ஏறி இறங்கி, ஆடுமாடு ஓட்டி, சிலீப்பர் ஓரத்து ஜல்லியைச் சரித்துவிடாதீர்கள். 114 டன்னைத் தாங்கி நிற்பதில் அந்த ஓர ஜல்லிக்குப் பெரிய பங்கு உண்டு.

திருச்செங்கோடு வாசகர்: எங்ககிட்ட போர்வெல் போடற ரிக் வண்டி இருக்குது. ரயில்வே கேட்டுக்கு முன்னாடி தொங்கற கம்பிச் சட்டத்துல மேல லேசா உரசுது. கரண்ட் கம்பி அதுக்கும் மேலதானே இருக்கு, மெதுவாப் போயிடலாமுங்களா?

போகவே கூடாது. அந்தச் சட்டத்தின் உயரம் 4.67 மீட்டர். அதில் உரசினால் அந்த வழி உங்கள் வண்டிக்கு இல்லை என்று பொருள். மேலே ஓடும் கம்பி சுமார் 5.5 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதில் இருப்பது வீட்டு 230 வோல்ட் அல்ல, 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, கிட்டப் போனாலே காற்றைத் தாண்டிப் பாயும். அதற்காகவே இரண்டு மீட்டருக்குள் எதுவும் போகக் கூடாது என்பது விதி. கேட்டில் மேடு ஏறி இறங்கும்போது வண்டியின் பின்முனை ஒரு அடி துள்ளினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மாஸ்ட்டை (துளையிடும் கோபுரத்தை) முழுதாகப் படுக்கவைத்து, மேலே அடுக்கிய ராடு, பைப் எதுவும் துருத்தாமல் கட்டி, தரையிலிருந்து உச்சி வரை டேப் வைத்து அளந்துவிட்டே கிளம்புங்கள். கரும்பு லாரிக்கும் சோளத்தட்டு ஏற்றிய டிராக்டருக்கும் இதே விதிதான். நிற்கும் கூட்ஸ் வண்டிமேல் ஏறிப் படம் எடுக்கும் பையன்கள் கருகிப்போவதும் இதே காரணத்தால்தான். உங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

காரமடை வாசகர்: ஊட்டி ரயிலுக்கு எஞ்சின் ஏன் பின்னாடி நின்னு தள்ளுது? நடுவுல இருக்கற பல்லு எப்படி வேலை செய்யுது?

சாதாரண ரயில் இரும்புமேல் இரும்பு உராயும் பிடிப்பை நம்பி ஏறுகிறது. புகழ்பெற்ற அகலப்பாதை மலைத் தடங்களே 37 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றத்தோடு நின்றுவிடும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர். சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கும். அதற்காக இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே ‘ஆப்ட்’ முறையில் இரண்டு பல்பட்டைகள் அருகருகே போட்டிருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும். எஞ்சினின் பல்சக்கரம் ஒரு பட்டையில் பல்லை விடும் கணத்தில் அடுத்த பட்டையில் பிடித்திருக்கும். எந்த நொடியும் பிடி விடுவதில்லை, குலுக்கலும் குறைவு.

‘எக்ஸ்’ வகை எஞ்சினில் நாலு சிலிண்டர். சமவெளியில் இரண்டு மட்டும் வேலை செய்து சாதாரணச் சக்கரத்தைச் சுழற்றும். பல்பாதையில் நுழைந்ததும், அந்த இரண்டில் வேலை முடித்த நீராவியே மற்ற இரண்டுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். வண்டி அங்கே மணிக்கு 10 கி.மீ. அளவில்தான் ஏறும். நடுவில் ஹில்குரோவ் போன்ற இடத்தில் நின்று தண்ணீர் பிடிக்கும்.

எஞ்சின் கீழ்ப்பக்கம் இருப்பது பாதுகாப்புக்கு. மேலே நின்று இழுத்தால், பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் அறுந்ததும் பெட்டிகள் சரிவில் ஓடிவிடும். கீழே நின்று தள்ளினால் பெட்டிகள் எஞ்சின்மேல்தான் சாயும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று கொடி காட்டி, தன் பெட்டியின் பிரேக்கைத் தானே பிடிப்பார். ஓட்டுநருக்கு முன்பாதை தெரியாததால் அந்தக் கொடிதான் அவர் கண். 208 வளைவு, 16 குகை, 250 பாலம். மீட்டர்கேஜில் 46 கி.மீ. 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் போட்டது. 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

குன்னூருக்கு மேல் பல் இல்லை, ஏற்றம் 25க்கு ஒன்று. அங்கே டீசல் எஞ்சின் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பல்பட்டைமேல் கல் விழுந்தால் வண்டி நிற்கும். பல்லுக்குள் சிக்கிய ஒரு கல் போதும் பல்சக்கரத்தை மேலே தூக்கிவிட. ஆகவே அந்த மாதங்களில் டிக்கெட் போட்டால், மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் போகவும் தயாராக இருங்கள்.

ஈரோடு வாசகர்: புதுச் சிவப்புப் பெட்டி வந்த பிறகு கிளம்பும்போதும் நிற்கும்போதும் குலுக்கி எடுக்குது. பழைய நீலப்பெட்டியே தேவலை போலிருக்கே?

குலுக்கல் உண்மை, ஆனால் பழைய பெட்டி தேவலை இல்லை. நீலப்பெட்டியில் திருகு கப்ளிங்கும், இடியைத் தாங்க இருபுறமும் பஃபரும் உண்டு. திருகை முறுக்கி இடைவெளியை இறுக்கிவிடலாம். எல்.எச்.பி. எனப்படும் புதுச் சிவப்புப் பெட்டியில் கை கோத்த மாதிரி நடுக் கப்ளிங். அதற்குள் இருக்கும் சிறு ஆட்டம் ஒவ்வொரு பெட்டியாகச் சேர்ந்து கடைசியில் உதையாக வரும். உள்ளே இருக்கும் அதிர்வுதாங்கியை மேம்பட்ட வகைக்கு மாற்றியும், ஓட்டுநர் மெல்ல இழுத்தும் இது குறைந்துவருகிறது. ஆனால் தடம்புரண்டால் அந்த நடுக் கப்ளிங், ஒரு பெட்டி மற்றொன்றின்மேல் ஏறாமல் பிடித்துக்கொள்ளும். பழைய பெட்டிகளில் உயிர் போனது பெரும்பாலும் அப்படி ஏறியதால்தான். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 2018இல் பழைய வகையைச் செய்வதை நிறுத்தியது இதற்காகவே.

தாராபுரம் வாசகர்: பர்த் நம்பரைப் பார்த்ததும் கீழா மேலான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி இரண்டிலும் எட்டால் வகுங்கள். மீதி 1, 4 என்றால் கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 பக்கவாட்டுக் கீழ். மீதி இல்லையென்றால் பக்கவாட்டு மேல். 52 என்றால் மீதி 4, கீழ் பர்த். வயதானவர்களுக்கு எடுக்கும்போது பயன்படும்.

மதுக்கரை வாசகர்: ‘கவச்’ வந்துட்டா எங்க பக்கம் யானை அடிபடறது நிக்குமுங்களா?

நிற்காது. கவச் செய்வது வேறு வேலை. சிலீப்பரில் பொருத்திய சிறு அட்டையை எஞ்சின் படித்து, தான் எங்கே இருக்கிறோம் என்று அறியும். ரேடியோ வழியாக முன்னால் உள்ள சிக்னல் நிலையை வாங்கும். ஓட்டுநர் சிவப்பைத் தாண்டப் போனாலோ, வேக வரம்பை மீறினாலோ, எதிரே அதே பாதையில் வண்டி இருந்தாலோ தானே பிரேக் பிடிக்கும். பாதைமேல் நிற்கும் யானையோ, விழுந்த மரமோ அதற்குத் தெரியாது.

2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் அடிபட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே இரண்டு தடங்கள் தனித்தனியாகக் காட்டை ஒட்டிப் போகின்றன. பாதையின் இருபுறமும் மேடான வெட்டு இருக்கும் இடத்தில் ஹாரன் அடித்தாலும் யானையால் குட்டியோடு சட்டென்று ஏறி ஒதுங்க முடியாது. 90 கி.மீ. வேகத்தில் நிற்கத் தேவைப்படும் தூரம், 45இல் தேவைப்படுவதைப்போல நாலு மடங்கு. இரவில் வேகத்தைக் குறைப்பது அதற்காக. 2024 பிப்ரவரியில் வனத்துறை அங்கே 12 கோபுரங்களில் வெப்பக் கேமராவும் சாதாரணக் கேமராவும் வைத்து, யானை பாதையை நெருங்கும்போதே ரயில்வேக்குத் தகவல் போகும்படி செய்தது. தடத்தின் கீழே யானை கடக்கப் பாலமும் கட்டப்பட்டிருக்கிறது. எங்கள் எண்ணத்தில் சுரங்கப்பாலம்தான் நிலையான வழி. கேமராவைப் பார்த்துக்கொண்டு யாராவது விழித்திருக்க வேண்டும், பாலத்துக்கு அது வேண்டியதில்லை.

நாமக்கல் மாணவர்: ஹைட்ரஜன் ரயில், ஹைப்பர்லூப் எதுங்க முதல்ல நம்ம ஊருக்கு வரும்? நான் எதைப் படிச்சா ரயில் வேலைக்கு உதவும்?

ஹைட்ரஜன் பெட்டியை 2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப். சோதித்துப் பார்த்தது. அது ஹரியானாவின் ஜிந்த் – சோனிபத் பாதைக்கானது. மேலே மின்கம்பி இல்லாத இடத்துக்குத்தான் அது பொருந்தும். கம்பி இருக்கும் பாதையில் மின்சாரத்தை நேரே எடுப்பதைவிட, அதை ஹைட்ரஜனாக்கி, அழுத்திச் சுமந்து, மறுபடி மின்சாரமாக்குவதில் வழியிலேயே பெரும்பகுதி போய்விடும். ஹைப்பர்லூப்புக்குச் சென்னை ஐ.ஐ.டி. 422 மீட்டர் சோதனைக் குழாய் அமைத்திருக்கிறது. 422 மீட்டர் என்பது உங்கள் பள்ளி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றும் தூரம்தான். ஆராய்ச்சியாக அது நல்லது, டிக்கெட் எடுக்க நாள் ஆகும்.

நாமக்கல்லுக்கே சேலம் – கரூர் பாதை வழியாக ரயில் வந்தது 2013இல்தான். அடுத்து வரும் ஆண்டுகளில் ஆள் அதிகம் தேவைப்படப் போவது சிக்னலில். சிக்னலையும் பாயின்ட்டையும் கணினியால் பிணைக்கும் எலெக்ட்ரானிக் இன்டர்லாக்கிங், கடக்கும் சக்கர அச்சுகளை எண்ணும் ஆக்சில் கவுண்டர், கவச் எல்லாம் அந்தத் துறைதான். டிப்ளமோவில் எலெக்ட்ரானிக்ஸ் எடுங்கள், ரிலே சர்க்யூட்டைக் கையால் வரைந்து பழகுங்கள். சிக்னலுக்கான ரிலேயும் பாயின்ட் மெஷினும் செய்யும் ரயில்வே ஒர்க்‌ஷாப் உங்களுக்கு எட்டும் தூரத்தில் போத்தனூரிலேயே இருக்கிறது. அப்ரன்டிஸ் அறிவிப்பு தெற்கு ரயில்வேயின் இணையதளத்தில் வரும், பார்த்துக்கொண்டிருங்கள்.